அப்பா அழுத நாட்கள்

பாறசாலை,
12.2.2024

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஷெமிக்கு அம்மா எழுதுவது. நான் சுகம். கோயம்புத்தூரில் நீயும் ராகேஷும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

எட்டு வருடம் எழுதாதவளுக்கு இப்போது என்ன வந்தது என்று நினைப்பாய். உன் விலாசத்தைப் பக்கத்து வீட்டு ஆட்டோக்கார ஜிஜியிடம் வாங்கினேன். அவனோடு நீ பேசிக்கொண்டுதான் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். தெரியாததுபோல் இருந்தேன்.

அப்பாவுக்கு நவம்பரில் பக்கவாதம் வந்தது. வலது கையும் நாக்கும் போய்விட்டன. புத்திக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் புரிகிறது, சொல்லத்தான் வாய் வளையவில்லை. கம்பை ஊன்றி நடக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். போன புதன்கிழமை வீட்டு ஜெபக் கூட்டத்தில் உன் பெயரைச் சொல்லி ஜெபித்தேன். அவர் முன்னால் உன் பெயரைச் சொல்வது எட்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை. கண்ணைத் திறந்து பார்த்தால் அப்பா அழுகிறார். சாதாரண அழுகை இல்லை ஷெமி மக்களே, தோள் குலுங்கக் குலுங்க அழுகை. ரத்னாபாய் அக்கா "ஸ்தோத்திரம்! கல்லு மாதிரி இருந்த இருதயம் உருகிட்டு" என்று சத்தமாகவே சொன்னாள்.

போன் செய்யாதே. போன் அவர் தலைமாட்டில்தான் இருக்கிறது. உன் குரலைக் கேட்டால் அழுது மூச்சு முட்டிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. தபால்காரர் பதினொரு மணிக்கு வருவார், அப்போது அப்பா தூங்குவார். எழுது. ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ.

உன் அம்மா,
சரோஜம்


கோயம்புத்தூர்,
21.2.2024

அன்புள்ள அம்மாவுக்கு ஷெமி எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். என் தமிழ் ஞாயிறு பள்ளியில் படித்த தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை ஏழு தடவை படித்தேன். அப்பா அழுதாரா? நம் அப்பாவா? பஸ் டிப்போவில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தபோது டிரைவர்கள் அவரைக் கண்டு சிகரெட்டை மிதித்து அணைப்பார்களே, அந்த ஞானையன் சாரா?

எனக்கு அவருடைய கடைசி வார்த்தை அப்படியே காதில் இருக்கிறது. சபைச் செயலாளர் என்று மூன்று ஞாயிறும் ஆலயத்தில், நீங்கள் பார்த்த மாப்பிள்ளையோடு நடக்க இருந்த என் கல்யாண அறிவிப்பை அவர்தான் வாசித்தார். மூன்றாவது அறிவிப்பு முடிந்த வியாழக்கிழமை நான் ராகேஷோடு போனேன். வெள்ளிக்கிழமை போன் செய்தபோது, "சபை முன்னால எனக்க வாயை நீ பொய் வாயாக்கிட்டியே. நான் செத்தாலும் வராண்டாம்" என்றார். அதற்குப் பிறகு நான் எப்படி வருவேன்?

கேள்வித்தாள் போடுவது என் பிழைப்பு, அதனால் கேட்கிறேன். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? எந்த டாக்டர் பார்க்கிறார்? இந்த அழுகையைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார்? மூன்றுக்கும் பதில் வேண்டும். ஏப்ரலில் பள்ளி விடுமுறை. மனசு துணிந்தால் வருகிறேன்.

அன்புடன்,
ஷெமி


பாறசாலை,
10.3.2024

பிரியமான ஷெமிக்கு, கர்த்தருடைய கிருபையால் சுகம். உங்கள் ஊரில் இப்போதே வெயில் கொளுத்துகிறதாம், மோர் குடி.

அப்பாவுக்குப் பிரஷருக்கு ஒன்று, ரத்தம் கட்டாமல் இருக்க ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் பார்க்கிறார், சின்ன வயசுப் பெண், நல்ல குணம்.

போன ஞாயிறு நான் சபையில் சாட்சி சொன்னேன். எனக்கு மேடை ஏறிப் பழக்கமில்லை, உனக்குத் தெரியுமே. ஆனாலும் ஏறினேன். எட்டு வருடம் மகள் பெயரைக் கேட்காத மனுஷன் இன்று அவள் பெயரைக் கேட்டு அழுகிறார், இது கர்த்தர் செய்தது என்று சொன்னேன். பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். உனக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் அப்பா சத்தியதாஸ் சார்கூட வெளியே வந்து, "மகளைக் கூப்பிடுங்க, எங்களுக்கு ஒண்ணுமில்லை" என்றார். இதற்கு மேல் என்ன வேண்டும்? ஏப்ரலில் வா.

அம்மா


கோயம்புத்தூர்,
22.4.2024

அன்புள்ள அம்மா, சுகமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டிக்கொடுத்த சிப்ஸ் எர்ணாகுளம் வரைக்கும்கூட வரவில்லை.

வாசலில் என்னைப் பார்த்ததும் அவர் அழுதாரே, கால் மணி நேரம் அப்படியே நின்றேன். என் கையைப் பிடித்தார். அந்தக் கை எவ்வளவு லேசாகிவிட்டது அம்மா. ரயிலில் நான் எப்படி அழுதேன் தெரியுமா? பக்கத்தில் இருந்த பெண் எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. ராகேஷுக்குப் போன வருடம் சிக்குன்குனியா வந்து மூன்று மாதம் முடங்கிக் கிடந்ததைச் சொன்னேன். அப்பா சிரித்தார். புன்னகை இல்லை, ஹாவென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நீங்கள் தேங்காய் திருவ வேண்டும் என்று என்னை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள். பிறகு தேங்காய் திருவவே இல்லை.

அப்பா ஏன் சிரித்தார்? என் மூன்றாவது கேள்விக்கும் நீங்கள் இன்னும் பதில் எழுதவில்லை.

ஷெமி


பாறசாலை,
16.5.2024

பிரியமான மகளுக்கு, நான் சுகம். பதில் எழுதத் தாமதமானதற்குக் கோபப்படாதே.

அப்பா சிரிக்கவும் செய்கிறார். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. ஈஸ்டர் அன்றைக்குத் திருவிருந்தில் போதகர் ஐயர் அப்பத்தைக் கையில் எடுத்தபோது சிரித்துவிட்டார். ஆலயமே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து கோயிலுக்கு வருவதில்லை. சிரிப்பு வரும் என்று தோன்றினால் தோளில் கிடக்கும் துவர்த்துத் துண்டை உருட்டி வாயில் திணித்துக்கொள்கிறார். பார்த்தால் பெற்ற வயிறு பற்றி எரியும் என்பார்களே, கட்டியவளுக்கும் எரிகிறது.

நேற்று டாக்டரிடம் போனோம். "அம்மே, இது சங்கடம் வந்நிட்டுள்ள கரச்சில் அல்ல" என்றாள். துக்கத்தில் வருகிற அழுகை இல்லையாம். பக்கவாதத்தில் மூளையில் ஒரு கடிவாளம் அறுந்துவிட்டதாம். உள்ளே துக்கம் இல்லாமல் அழுகை வருமாம், சந்தோஷம் இல்லாமல் சிரிப்பு வருமாம். சில நேரம் உள்ளே துக்கமும் இருக்கலாம், வெளியே இருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாதாம்.

அதற்கு ஒரு மாத்திரை தந்திருக்கிறாள். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாள். முதல் ஏழு நாள் தினம் ஒன்று. பிறகு காலை எட்டுக்கு ஒன்று, இரவு எட்டுக்கு ஒன்று. ஒரு வேளை விட்டுப்போனால் போனதுதான், சேர்த்துக் கொடுக்கக் கூடாது. ஒரு நாளில் இரண்டுக்கு மேல் கூடவே கூடாது, இருதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும் என்றாள். அப்பா சீட்டை இடது கையால் பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவருக்கு வேண்டுமாம். எனக்குத்தான் கொடுக்கக் கை வரவில்லை. நீ என்ன சொல்கிறாய்?

அம்மா


கோயம்புத்தூர்,
24.5.2024

அன்புள்ள அம்மா, நலம்.

கொடுங்கள். இதில் என்ன யோசனை? துவர்த்தை வாயில் திணித்துக்கொள்கிற மனுஷருக்கு வேறு என்ன செய்வது? வேறு எந்த மருந்து வாங்கினாலும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள், இருமல் மருந்துகூட. அந்த மாத்திரைக்குள்ளேயே ஒரு இருமல் மருந்து இருக்கிறதாம், இங்கே மருந்துக் கடையில் விசாரித்தேன். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சபைக் கேலண்டரில் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு டிக் போடுங்கள். மறந்துவிட்டால் மறந்ததாக எழுதுங்கள், நான் மார்க் குறைக்க மாட்டேன்.

அப்படியென்றால் ஏப்ரலில் அவர் அழுதது எனக்காகவா, அந்தக் கடிவாளம் அறுந்ததாலா? எழுதிவிட்டேன், அடிக்க மனசில்லை. பதில் எழுத வேண்டாம்.

ஷெமி


பாறசாலை,
14.7.2024

பிரியமான ஷெமிக்கு, மழை விடாமல் பெய்கிறது. முட்டு வலி தவிர சுகம்.

மாத்திரை நன்றாக வேலை செய்கிறது. பத்தே நாளில் தெரிந்தது. நேற்று ஒரு முழுச் சாப்பாடு, மீன் குழம்போடு, அழாமல் சாப்பிட்டார். முன்பெல்லாம் மரச்சீனிக் கிழங்கு விற்கிறவன் கூவினால்கூட அழுவார். இரண்டாவது ஈ.சி.ஜி.யும் நன்றாக இருக்கிறது. போன ஞாயிறு கோயிலுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

சந்தோஷப்பட வேண்டியவள்தான் நான். ஆனால் உன் போன கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன், கடைசிப் பாராவைத் தவிர. கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. உன் பெயரை இரண்டு தடவை அழுத்திச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பழைய ஞானையன் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாற்போல் இருந்தது.

ரத்னாபாய் அக்கா வாசலில் வைத்தே கேட்டாள், "என்ன சரோஜம், ஆளு பழையபடி பின்மாறிட்டாரா?" நான் அத்தனை பேர் முன்னால் சாட்சி சொன்னவள்.

ஆகஸ்டில் வருகிறேன் என்றாயாமே, ஜிஜி சொன்னான். ராகேஷையும் கூட்டிக்கொண்டு வா. அப்பா உன்னைத் தேடுகிறார்.

அம்மா


கோயம்புத்தூர்,
20.8.2024

அன்புள்ள அம்மா, நாங்கள் இருவரும் சுகமாக வந்து சேர்ந்தோம். ராகேஷுக்கு உங்கள் மீன் குழம்பு நினைவாகவே இருக்கிறது.

ராகேஷ் உள்ளே நுழைந்ததும் அப்பா அழுதார், அவன் தோளில் சாய்ந்துகொண்டு. அவனும் அழுதுவிட்டான். இரண்டு நாளும் அப்பா அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது அம்மா. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், மருந்து தோற்றுப்போனதில் எனக்குச் சந்தோஷம்.

ஞாயிறு மதியம் பெட்டி அடுக்கும்போது மாத்திரைப் பெட்டியைப் பார்த்தேன். கணக்கு டீச்சருக்குக் கை சும்மா இருக்காது. வாங்கிய தேதி அட்டையில் இருக்கிறது. கேலண்டரில் டிக் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, ஒரு வேளைகூட விடவில்லை. அப்படியானால் பெட்டியில் பதினொரு மாத்திரை அதிகமாக இருக்கக் கூடாது.

இரண்டு தடவை எண்ணினேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது, உங்களிடம் கேட்கவில்லை.

ஷெமி


பாறசாலை,
4.9.2024

மகளே,

நான் இருக்கிறேன். அப்பாவும் உயிரோடு இருக்கிறார். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்தபோது நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஜிஜிதான் கொண்டுவந்து தந்தான். வாசித்துவிட்டு அதே ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ வருவதற்கு முன்னால், செவ்வாய்க்கிழமை முதல் மாத்திரையை நிறுத்தினேன். டிக் மட்டும் போட்டேன். நீயும் மருமகனும் இவ்வளவு தூரம் வந்து அந்தச் சுவர் பார்க்கிற முகத்தைப் பார்த்துவிட்டுப் போகக் கூடாது என்று நினைத்தேன். அப்பா பெட்டியைக் காட்டிக் காட்டிக் கேட்டார். தீர்ந்துவிட்டது, ஜிஜி வாங்கி வருவான் என்று பொய் சொன்னேன். மூன்றாவது நாள் அழுகை வந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது.

நீ போன ஞாயிறு இரவே பயம் வந்தது, விட்டதை ஈடு கட்ட வேண்டும் என்று. ஞாயிறு இரவு இரண்டு, திங்களும் செவ்வாயும் காலை இரண்டு இரவு இரண்டு. புதன் காலை குளிக்கப் போனவர் குளிமுறியில் விழுந்தார். கண் மேலே சொருகிவிட்டது. ஜிஜி ஆட்டோவில்தான் கொண்டுபோனோம், மடியில் போட்டுக்கொண்டு. இருதயத் துடிப்பு தப்பிவிட்டதாம். மூன்று நாள் ஐ.சி.யு.

உனக்குப் போன் செய்கிறேன் என்று ஜிஜி நின்றான். நான்தான் விடவில்லை. எந்த முகத்தோடு சொல்வேன்?

அந்தச் சின்னப் பெண் டாக்டர் என்னைத் திட்டவில்லை. "இது முட்டாயி அல்ல அம்மே, தோந்நும்போலே நிறுத்தானும் கூட்டானும்" என்றாள். தோன்றியபடி நிறுத்தவும் கூட்டவும் இது மிட்டாயா என்கிறாள். திட்டியிருந்தால் தேவலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த அழுகை நோயினால் வருவது என்று அவள் சொன்னது மே மாதம் இல்லை. ஜனவரியிலேயே சொல்லிவிட்டாள். உனக்கு முதல் கடிதம் எழுதும்போதே எனக்குத் தெரியும். சபையில் சாட்சி சொல்லும்போதும் தெரியும். இருந்தாலும் உன் பெயர் சொன்ன நேரத்தில் வந்ததே, அது உனக்காக வந்ததாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். எனக்கு நீ வேண்டியிருந்தது.

அம்மா


கோயம்புத்தூர்,
11.9.2024

அம்மா,

ஜிஜிக்குப் போன் செய்து பேசிவிட்டேன். அப்பா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார் என்று அவன் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

முதலில் கோபத்தில் நான்கு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டேன். உங்களைத் திட்ட எனக்கு என்ன யோக்யதை? பதினொன்று என்று எண்ணிய அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. கேட்டிருக்கலாம். கேட்டால் அந்தக் கண்ணீர் பொய்யாகிவிடும் என்றுதான் வாயை மூடிக்கொண்டு வந்தேன். அன்றைக்கே கேட்டிருந்தால் நீங்கள் இரட்டிப்பாகக் கொடுத்திருக்க மாட்டீர்கள், அவர் விழுந்திருக்கவும் மாட்டார்.

இனி மாத்திரைப் பெட்டி அப்பா கையிலேயே இருக்கட்டும். அவருக்கு மணி பார்க்கத் தெரியும். ஐம்பது பஸ்ஸை மணி பார்த்து அனுப்பியவர்.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒன்று செய்யவில்லை. அவரிடம் யாருமே கேட்கவில்லை. இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதில் ஒரே வரிதான் இருக்கிறது: அப்பா, என்னை மன்னித்துவிட்டீர்களா? அதை அவர் கையில் கொடுங்கள். ஒரு பேனாவும் கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம். அவர் சார்பில் நீங்கள் பதில் எழுதவும் வேண்டாம்.

என்ன பதில் வந்தாலும் அனுப்பிவிடுங்கள்.

ஷெமி


பாறசாலை,
19.10.2024

ஷெமிக்கு,

சுகம். இடது கை. இதை எழுத ஒன்பது நாள் ஆனது. உன் அம்மா பார்க்கவில்லை.

ஜெபக் கூட்டத்தில் நான் உன் பெயர் கேட்டு அழவில்லை. அதற்கு முன்பே அழுகை வந்துவிட்டது. பெயர் பிறகுதான் வந்தது. எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

நீ வாசலில் நின்றபோதும் அப்படித்தான். கையைப் பிடித்தது மட்டும் நான்.

ராகேஷிடம் சொல். அவன் காய்ச்சலுக்கு நான் சிரிக்கவில்லை. உள்ளே வருத்தமாக இருந்தது. வாய் சிரித்தது. மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

எல்லாரும் என் முகத்தைப் பார்த்து எனக்கு என்ன தோன்றுகிறது என்று முடிவு செய்தீர்கள். ஒரு வருடம் அந்த முகத்துக்குள் கிடந்தேன். கத்தினாலும் சிரிப்பாகத்தான் வரும்.

மாத்திரை நானே எடுக்கிறேன். எட்டு மணிக்கு ஒன்று, எட்டு மணிக்கு ஒன்று. அம்மாவைத் திட்டாதே. ஐ.சி.யு. வாசலில் அவள் தரையில் கிடந்தாள் என்று ஜிஜி சொன்னான்.

நீ கேட்டதற்குப் பதில். இல்லை. மன்னிக்கவில்லை. மூன்று ஞாயிறு உன் பெயரை நான் சத்தமாக வாசித்தேன். அது இன்னும் வலிக்கிறது. மாத்திரை அதைத் தொடவில்லை.

ஆனால் கேட்டாயே. அதனால் எழுதுகிறேன்.

கிறிஸ்மஸுக்கு வா. அவனையும் கூட்டிக்கொண்டு வா. இந்தத் தடவை நான் அழ மாட்டேன். முகம் கல் மாதிரி இருக்கும். நீ பேசும்போது சுவரைப் பார்ப்பேன். எனக்குக் கோபம் வரும், சொல்ல முடியாது, கம்பைத் தட்டுவேன்.

அதைப் பார்த்து எழுந்து போய்விடாதே.

ஞானையன்